அன்னா மணியின் அளவுகோல்



ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் ஆடையைப் பற்றிக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்பதும், வெயில் அடிக்கும்போதே குற்றாலத்தில் சாரல் விழும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைத்தொடர் மறித்துக்கொள்வதனால் அதன் கிழக்கே கிடக்கும் பூமி பெரும்பாலும் வறண்டிருக்க, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றே தாழ்ந்து வழிவிட்டிருக்கிற ஒரே காரணத்தினால் இந்தச் சாரலும், சிற்றாற்றின் நீரும், அருவிகளின் ஆரவாரமும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. காற்றும் மழையும் இட்ட பிச்சையில் வாழும் இவ்வூரில், காற்றையும் மழையையும் வெயிலையும் அளப்பதற்கே தம் ஆயுளை அர்ப்பணித்த அன்னா மணி என்னும் பெண்மணியைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று கருதினேன்.

திருவாங்கூர் சமஸ்தானத்தில், பீர்மேட்டில், 1918ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு தர முன்வந்த பெற்றோரிடம், அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்ட பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஆராய்ந்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945இல் தமது ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு டாக்டர் பட்டம் அளிக்க விதியில்லை என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஆய்வு சரியில்லை என்று எவரும் சொல்லவில்லை. விதி மாத்திரமே குறுக்கே நின்றது. பட்டமளிப்பு மேடையிலே நின்றுகொண்டு இதைச் சொல்லுவது அபசகுனமாகாது என்று நம்புகிறேன். நீங்கள் பெறப்போகும் பட்டத்தின்மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைந்ததன்று. எனினும் அந்தத் தாளைப் பெறாத ஒருவர், அது இல்லாமற் போனதனால் தமக்குப் பெரிய நஷ்டம் ஏதும் நேர்ந்ததாகக் கருதாமலே காரியங்களைச் செய்து காட்டினார் என்பதையும் நீங்கள் அறிந்திருக்கவேண்டும்.

பௌதிகம் பயில விரும்பி இங்கிலாந்து சென்றவருக்கு வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கே இடம் கிடைத்தது. கிடைத்ததைச் சிரத்தையோடு கற்றுக்கொண்டு திரும்பி, 1948இல் புனாவில் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். உஷ்ணமானி போன்ற எளிய கருவிகளைக்கூட அந்நிய நாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு நிர்ணயமான வரைபடங்களைத் தயாரித்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்விக்கும் பணியை, நூற்றுக்கு மேற்பட்ட ஆடவர்கள் பணிபுரிந்த ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கி அவர் நடத்தினார். சர்வதேச பூபௌதிக ஆண்டான 1957-58இல் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கோபுரம் நிறுவினார். ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்குவித்தார். இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வுபெற்றார். பதவிகளின் பட்டியலை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

தவறான அளவைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை. இதன் பொருளை உணரவேண்டுமானால் ஒரு மழைமானியின் அருகே சென்று நிற்கவேண்டும். வட்டமான வாய், அதன்கீழே புனல், புனலுக்கு அடியில் ஒரு பாத்திரம்; நம்முடைய மழைமானி இவ்வளவே. தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு ஓர் ஊழியர் வந்து, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்து நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்திற்கு நேராகத் தாழ்த்திப் பார்த்து எழுதவேண்டும். வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டராயின் 20 மில்லிலிட்டர் நீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமானம். 200க்கு உரிய குவளையை 100க்கு உரிய மானியோடு சேர்த்துவிட்டால், பெய்ததில் பாதிதான் கணக்கில் ஏறும். மரத்தடியில் வைத்துவிட்டாலோ, சோம்பலினால் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவிட்டாலோ, அந்தப் பொய் ஆண்டுக்கணக்கில் ஏடுகளில் தங்கி, அணை கட்டுகிறவரையும் பாலம் கட்டுகிறவரையும் ஏமாற்றும். அன்னா மணி கருவிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்ததன் காரணம் இதுவே.

ஓய்வுபெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றி 1980இலும் 1981இலும் இரண்டு பெருநூல்களை வெளியிட்டார். பிறகு நாட்டின் காற்றாற்றலை இடந்தோறும் அளந்து தொகுக்கும் பணியை மேற்கொண்டார். கணவாய்க் காற்றை நம்பிச் சுரண்டைப் பக்கமும் கயத்தாற்றுப் பக்கமும் இன்று சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகளைப் பார்க்கும்போது, காற்றை விலைகொடுத்து வாங்க எவரும் முன்வராத காலத்திலேயே அதை அளந்துவைத்தவர்களை நீங்கள் நினைக்கவேண்டும். அவர் 2001ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் காலமானார்.

அளப்பதன் தேவை அவரோடு முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அருவியில் நீராடுகிறவருக்கு மலையுச்சியில் பெய்யும் மழை தெரிவதில்லை. மேலே பெய்ததை அளந்து, அந்தக் கணமே கீழே அறிவிப்பதற்குக் கருவியும், அதைப் பழுதின்றிப் பேணும் மனிதரும் வேண்டும். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய 2023 டிசம்பருக்குப் பிறகும், இந்தத் தேவையை நாம் ஆண்டுக்கு ஒருமுறை நினைத்துவிட்டு மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு மிகுந்த துயரம் தருகிறது.

ஆகவே உங்களிடத்தில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இக்கல்லூரித் தோட்டத்தில், மரநிழல் படாத இடத்தில், ஒரு மழைமானியை நிறுவுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவிகள் விடுமுறை நாளிலும் முறைவைத்துக்கொண்டு காலை எட்டரைக்கு அதைப் பார்த்து எழுதட்டும். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதட்டும். பார்க்கத் தவறிய நாளில் பார்க்கவில்லை என்றே எழுதட்டும். முதல்வர் அவர்கள் அனுமதி அளித்தால் அதற்காகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.