ஐம்பத்து மூன்று வயதில் ஒரு சேர்க்கை
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஏப்பா, பேங்க் மேனேஜரா இருந்தவன், நிசமாவே சாமியாராப் போயிட்டியா?" முதலில் ஒரு திருத்தம். நான் சாமியார் இல்லை. பூசை வைக்க மாட்டேன். கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் பிரதர். என் மனைவி 2012இல் காலமானார். மகளுக்கு 2016இல் கல்யாணம் முடிந்தது. 2018இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, 53 வயதில் சபையில் சேர்ந்தேன்.

நம் ஊரில் கடமையெல்லாம் முடித்தவர் காசிக்குப் போகிறேன் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் சபையில் சேர்வது அப்படி அல்ல. துணியை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட முடியாது. நாம் கேட்க வேண்டும், அவர்கள் ஏற்க வேண்டும். எனக்கு அழைப்பு வந்தது என்று நான் மட்டும் சொன்னால் செல்லாது. இரு பக்கமும் பொறுமையாகப் பார்ப்பதைத்தான் எங்கள் வழக்கில் 'தேர்ந்து தெளிதல்' என்கிறோம்.

மனைவி இறந்த ஆறாம் மாதமே நான் ஆன்ம வழிகாட்டியான ஒரு குருவிடம் போய் நின்றேன். "துக்கத்துல இருக்கீங்க. இப்ப எந்த முடிவும் வேண்டாம். ஆசை அப்படியே இருந்தா ரெண்டு வருசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இது அவராகக் கண்டுபிடித்தது இல்லை. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 1521இல் போரில் கால் முறிந்து படுத்திருந்தார். வீரதீர வாழ்வை நினைத்தால் அந்நேரம் இனித்தது, பிறகு வெறுமை. புனிதர்களைப்போல வாழ நினைத்தால் நினைப்பு போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த வழி. மனம் சோர்ந்த நேரத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பதும் அவர் வைத்த விதி. எனக்கு அந்த இரண்டு வருசத்தில் ஆசை சில மாதம் காணாமல்கூடப் போயிற்று. வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாத நெருக்கடியில், எதிர்பாராமல், திரும்பி வந்தது.

அப்புறம் சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் நவசந்நியாசத்துக்குக் குறைந்தபட்ச வயது 17 நிறைவு என்று இருக்கிறது. அதிகபட்சம் என்று ஒன்றும் இல்லை. வரம்பு வைப்பது அந்தந்தச் சபை. நான் எழுதிப்போட்ட முதல் சபை, வயதைக் காட்டி மரியாதையாக மறுத்துவிட்டது. அதே சட்டத்தில், தீர்க்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதியும் உண்டு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாமக்கல்லில் லாரியோ கோழிப்பண்ணையோ, கடன் இல்லாமல் யாருங்க இருக்காங்க? மைத்துனரோடு சேர்ந்து போட்ட பண்ணைக்கு என் பெயரிலும் கடன் இருந்தது. அதை அடைத்துச் சான்று கையில் வாங்க 2017 ஆகிவிட்டது. கடன்காரனுக்குப் பயந்து மடத்துக்குள் ஒளிகிறவனையும் உண்மையாகவே வருகிறவனையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை என்பது, முப்பது வருசம் கடன் பைலைப் பார்த்தவன் என்ற முறையில், என் அபிப்பிராயம்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் கரூர் போய், குளித்தலை பஸ் பிடித்து, தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்துக்கு அடிக்கடி போவேன். காவிரிக் கரை. அங்கே வந்த மூவரும் வாலிபத்தில் வந்தவர்கள் இல்லை. பிரான்சு நாட்டுக் குரு ஜூல் மோன்சானின், 1932இல் சாகக் கிடந்தபோது பிழைத்தால் இந்தியாவுக்கு என்று நேர்ந்துகொண்டு, 1939இல் 44 வயதில் வந்தார். அபிஷிக்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்ட லெ சோ, 1948இல் 37 வயதில் வந்தார். இருவரும் 1950இல் ஆசிரமம் தொடங்கினார்கள். 1957இல் மோன்சானின் இறக்கும்வரை நிலைத்துத் தங்கிய சீடர் என்று ஒருவர்கூட இல்லை. பிறகு 1968இல் 61 வயதில் பீட் கிரிஃபித்ஸ் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்தார். அதன் பிறகே ஆசிரமம் தழைத்தது. என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தவர் மோன்சானின்தான். அழைப்பு நிஜம், ஆள் தகுதியானவர். பலன் மட்டும் கண்ணில் படவில்லை. 'இந்த வயசுல போய் என்ன சாதிக்கப் போறே?' என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதில் சொல்வதை அங்கேதான் நிறுத்தினேன்.

மகளின் கேள்விக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. "அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா எனக்குப் பொறந்த வீடு எதுங்கப்பா?" இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. சேர்க்கையை ஒரு வருசம் தள்ளிப்போட்டேன். பேரன் பிறந்து, அவன் முகம் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்து நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுத வேண்டும். வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். ஓய்வூதியம் சபைக்கு. மருமகனுக்கு இதில் வருத்தம்தான். அது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

உள்ளே வாழ்க்கை எப்படி என்று மாணவர்கள் கேட்டார்கள். என்னோடு நவசந்நியாசத்தில் இருந்தவர்கள் இருபது வயதுப் பையன்கள். பயிற்சி தரும் குருவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. கிளையில் எழுபது லட்சம் வரை கையெழுத்துப் போட்டவன், பற்பசை வாங்க அவரிடம் கேட்டு நின்றேன். ஜெபிப்பதும் உபவாசமும் எளிது. கேட்டு வாங்குவதுதான் கடினம். ஸ்பெயினில் அல்போன்ஸ் ரொட்ரிகுவஸ் என்ற துணி வியாபாரி, மனைவி மக்களை இழந்து, வியாபாரமும் நொடித்து, இயேசு சபைக்கு வந்தார். வயது, படிப்பு, உடல்நிலை எதுவும் சரியில்லை என்று முதலில் மறுத்தார்கள். 1571இல் நாற்பதை நெருங்கும்போது சேர்த்துக்கொண்டார்கள். மயோர்க்கா கல்லூரியில் பல்லாண்டு வாசல் காத்தார், 1888இல் புனிதரானார். எனக்கும் இப்போது காலையில் வாசல் வேலை, மதியம் கணக்கு.

நித்திய வார்த்தைப்பாடு இன்னும் ஆகவில்லை. சபை என்னை வேண்டாம் என்று சொல்லலாம். நானும் வெளியே வரலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி கிடைத்தால் அந்த நாளுக்கு மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மருமகன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.