கட்டிலும் வாசலும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மூணாற்றிலும் பீர்மேட்டிலும் கொழுந்து பறித்தோரும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் ஏர் பிடித்தோரும் நம்மவரே. உழைத்தே வாழ்ந்த மக்கள் நாம். ஆயினும் வீட்டில் ஒருவருக்கு நாட்பட்ட நோய் வந்துவிட்டால், "அசையாதீர்கள் அம்மா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கட்டிலில் கிடத்திவிடுகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலே அவரை மேலும் நலிவிக்கக்கூடும் என்பதைச் சொல்லவே வந்துள்ளோம்.

இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கேடு, நாட்பட்ட மூச்சடைப்பு முதலிய நோய்களில் தசை கரைகின்றது. புரதம் சேர்வதினும் மிகுதியாக அழிகின்றது. அசையாதிருப்பது அவ்வழிவை விரைவுபடுத்துகின்றது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நலமுள்ள இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து ஆராய்ந்தனர். 30 ஆண்டுகளுக்குப்பின் அவர்களையே மீண்டும் சோதித்தனர். அத்தனை ஆண்டு மூப்பு குறைத்த உடல்திறனினும் அம்மூன்று வாரப் படுக்கை குறைத்ததே மிகுதியாம்!

நம் சென்னையிலும் ஒரு சான்றுண்டு. காசநோய்க்குப் படுக்கை ஓய்வே மருந்தென்று உலகம் நம்பிய காலம் அது. உரிய மருந்து உண்டு வீட்டிலிருந்தோரும், விடுதியில் ஓய்ந்திருந்தோரைப் போலவே குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது.

ஆகவே நோயாளரை நடக்கச் செய்வோம். மருத்துவரைக் கேட்டபின், நாளுக்கு ஐந்து நிமிடம் தொடங்குக; இயன்றவாறு அரைமணி வரை உயர்த்துக. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுவே அளவு. இத்தகைய நடை இதயத்தைப் பயிற்றுகின்றது. தசைக்குள் ஆற்றல் பிறக்கும் நுண்ணுறுப்புகளைப் பெருக்குகின்றது. தசை வலுப்பெற நடை மட்டும் போதாது. நாற்காலியினின்று பலமுறை எழுந்தமர்தலும், புரத உணவும் வேண்டும். சிறுநீரகக் கேடுடையோர் புரத அளவை மருத்துவரிடமே கேட்டறிக.

மலைவாழ்வோர் ஏற்றத்தைத் தவிர்த்து, லயத்து முன்வாசலின் சமதரையில் நடக்கட்டும். பாலக்காட்டு வெயிலில் உள்ளோர் விடியற்பொழுதைக் கொள்ளட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. காய்ச்சலுள்ள நாளில் ஓய்வே தக்கது.

அன்பர்களே! நடை நோயை வேரறுக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பிறர் தோளின்றித் தாமே எழுந்து கொல்லைப்புறம் சென்றுவருவது சிறிய செய்தியா? அது ஒருவரின் மானம். நாளைக் காலையில் கட்டிலருகே சென்று, "வாருங்கள் அம்மா, வாசல்வரை போய்வருவோம்" என்று கை நீட்டுவோமாக.