அடுத்த வீட்டுக் கதவு



ஊர்விட்டு வந்து பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் நாம் உழைத்து ஈட்டிய பொருளைக் கவர, கன்னக்கோல் இல்லாக் கள்வர் இன்று கைப்பேசி வழியே வருகின்றனர். காவலர் உடையில் திரையில் தோன்றி, “டிஜிட்டல் கைது! அறையைவிட்டு அகலாதே, எவரிடமும் சொல்லாதே” என மிரட்டுகின்றனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதனை எடுத்துரைத்தார்.

“எவரிடமும் சொல்லாதே” என்னும் சொல்லே மோசடியின் அடையாளம். நம் தனிமையே அவர்தம் கருவி. ஆதலின் இணைப்பைத் துண்டிப்போம்; வீட்டாரிடம் உரைப்போம். பணம் பறிபோயிருப்பின், நாணி மறைக்காது உடனே 1930 என்னும் எண்ணை அழைப்போம். விரைந்து அறிவித்தால், கள்வர் எடுக்குமுன் வங்கிகள் அப்பணத்தை முடக்க இயலும்.

உற்றார் தொலைவில் உளர். இங்கே அண்டை வீட்டாரே நமக்கு உறவு. அவ்வழைப்பு வரின், நள்ளிரவாயினும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம், தட்டினால் திறப்போம்.