பழைய வீட்டில் புதிய அறை

(நெய்வேலியைச் சூழ்ந்த கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதன் பயனாக அகன்ற வீதிகளும் வரிசையான வீடுகளும் கொண்ட நகரியம் நம் அருகில் உண்டாயிற்று. அவ்வீடுகள் நிறுவனத்தின் உடைமை. நம் கிராமத்து வீடோ நம்முடையது. அதன் நன்மையும் தீமையும் நம்மையே சாரும்.

மண் சுவரும், நாட்டு ஓடும், திண்ணையும், முற்றமும் அமைந்த பாட்டனார் காலத்து வீட்டை இகழவேண்டியதில்லை. கனத்த மண் சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. முற்றம் வெளிச்சமும் காற்றும் தரும். அதில் இல்லாதவை கழிப்பறை, குளியலறை, புகை தங்காத சமையலறை, பிள்ளைகள் படிக்க ஓர் அறை ஆகியவையே. இவற்றைச் சேர்ப்பது அவசியம். சேர்க்கும் முறையறிந்து சேர்ப்பது அதனினும் அவசியம்.

முதலாவது, அஸ்திவாரம். பழைய சுவர் பல்லாண்டுகளாக அமுங்கி நிலைபெற்றது. புதுச்சுவர் இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் பிணைத்துக் கட்டினால் சேருமிடத்தில் வெடிப்பு காணும். ஆதலின் ஓர் அங்குலம் இடைவெளி விட்டுத் தனியே எழுப்பி, இடைவெளியைத் தகட்டால் மூடுக. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதனினும் ஆழமாக வானம் தோண்டலாகாது. தோண்டினால் பழைய சுவர் சரியும். களிமண் பூமியில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அது மழையில் உப்பும், கோடையில் பிளக்கும்.

இரண்டாவது, பூச்சு. மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்பின. புதுச் சாம்பற்கல் சுவருக்குச் சிமெண்டு பூசலாம். அழகு கருதிப் பழைய சுவருக்கும் அதையே பூசினால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு மண் இளகும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பே தகும்.

மூன்றாவது, நீர். கான்கிரீட் தளத்து மழைநீரை ஓட்டுக் கூரைமேல் விழவிடலாகாது; குழாய் வைத்துப் புறத்தே விடுக. குளியலறையை மண் சுவரோடு ஒட்ட வைக்காதீர். கழிப்பறைக்கு இரட்டைக் குழி நலம்: ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாற்றலாம். குழி கிணற்றினின்றும் 10 மீட்டருக்குக் குறையாது தள்ளியிருக்கட்டும். முற்றத்தை மூடி அறையாக்கும் ஆசையை விடுக. அது வீட்டின் மூக்கை அடைப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, காற்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் கடலூர்க் கரையைக் கடந்ததை யார் மறப்பர்? பழைய வீட்டில் தகரச் சாய்ப்பு இறக்குவோர், உத்தரத்தோடும் தூணோடும் அதை முடுக்கிக் கட்டுக. மேலே கல்லை ஏற்றி வைத்தால் போதும் என்றிருத்தல் தகாது; புயற்காற்றில் தகரம் கத்தியாகும்.

இனி, கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கறவை மாடு வாங்கிய கடனுக்குப் பால் பதில் சொல்லும். அறை கட்டிய கடனுக்கு அறை காசு ஈனாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் நம்பித் தவணை குறித்தவன் மரம் சாய்ந்த ஆண்டில் என் செய்வான்? புதுக்கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும், தவணையோ காத்திராது. அவன் தவறினால் ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரும் சேர்ந்து துன்புறுவர். ஆகையால் எந்த வருமானத்தினின்றும் தவணை கட்டுவது என்று குடும்பத்தார் யாவரும், பெண்மக்கள் உட்பட, கூடித் தீர்மானித்த பின்னரே மனுச் செய்க. முதலில் பழைய கூரையைப் பழுது பாருங்கள்; பின்னர் கழிப்பறை; அதன்பின் அறை. ஒவ்வொரு கட்டமும் முற்றுப்பெற்றதாய் நிற்கட்டும்.

இன்னுமொன்று. சுரங்க விஸ்தரிப்பு நம் பிரதேசத்தில் கிராமங்களை இடம்பெயர்த்திருக்கிறது. உங்கள் சர்வே எண் நில எடுப்பு அறிவிப்பில் உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்தறியாமல் ஒரு செங்கல்லும் வாங்காதீர். கட்டுவோர் அனுமதிப் பத்திரம், வரைபடம், ரசீது முதலியவற்றைப் பத்திரப்படுத்துக. பிற்காலத்தில் வீட்டின் மதிப்பைக் காட்ட அவை உதவும்.

அடுத்த மகாசபைக்கு வரும்போது உங்கள் வீட்டுத் திட்டத்தை ஒரு காகிதத்தில் வரைந்து கொணருங்கள். கொத்தனாரையும் அழைத்து வாருங்கள், கூடி ஆராய்வோம். ஒருவர் வீடு வலுத்தால் சங்கமும் வலுக்கும்.