பழைய படகு வாங்கப் போறீங்களா?

முகையூரில் கடல் இல்லை. ஆனாலும் மரக்காணத்திலிருந்து வந்திருக்கிற சகோதரிகள் கேட்டதால் சொல்றேன். மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோமே, பழைய பைபர் படகை மட்டும் பெயிண்டைப் பார்த்து வாங்கலாமா? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுன்னா இப்போ இருபது வயசு தாண்டியிருக்கும். இன்ஜின் மாட்டுற பின்பலகையைத் தட்டிப் பாருங்க; 'பொத்'துன்னு கேட்டா உள்ளே மரம் ஊறியிருக்கலாம். ஒரு மணி நேரம் கடலில் ஓட்டச் சொல்லி, அடியில் தண்ணி சேருதான்னு பாருங்க. கடன் முழுசையும் படகுக்கே கொடுத்துட்டா வலைக்கும் பழுதுக்கும் கந்துவட்டிக்குத்தான் போகணும். மீன்வளத் துறைப் பதிவு விற்கிறவர் பேரில் இருக்கணும். பேர் மாத்தின பிறகுதான் மீதிப் பணம். தவணை கட்டப்போறது நீங்க. பதிவில் உங்க பேரையும் சேர்க்க முடியுமான்னு அந்த அலுவலகத்திலேயே கேளுங்க.