திடலும் முட்டையும் இல்லாமல் உடல்நலமா?



பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. தமிழ் பேசும் தலித் உழைப்பாளிகள் பெருமளவில் வாழும் அப்பகுதிக்கு ‘குட்டி பிரேசில்’ என்றே பெயர். தண்டுப் பகுதியில் ஊழியம் செய்ய வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வெள்ளைச் சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்துத் தமதாக்கிக்கொண்ட ஆட்டம் கால்பந்து. 1948 ஜூலை 31 அன்று, இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். அதே அணியில் ஆடிய அகமது கானும் இந்நகரத்தவரே. அந்த அணியினரில் பலர் வெறுங்காலோடு ஆடினர்.

இவர்களை எந்த நலவாழ்வுத் திட்டமும் உருவாக்கவில்லை. கட்டணம் கேட்காத திடல் இருந்தது. மாலையில் அங்கே கூட ஆட்கள் இருந்தார்கள்.

இன்றோ செயற்கைப் புல்தரை விரித்த ஆடுகளங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. பூங்காக்களில் ‘விளையாடக் கூடாது’ என்ற பலகை தொங்குகிறது. நடைப்பயிற்சிக்கு வருவோருக்குத் திறக்கும் கதவு, பந்தோடு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் திறப்பதில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்கக் கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. பள்ளிக்குத் திடல் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிந்துவிடுகிறது. வளரிளம் பருவத்தின் பெரும்பகுதி அதற்கு வெளியே நிற்கிறது.

2019 ஆகஸ்ட் 29 அன்று பிரதமர் ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். உடலைப் பேணுவது அவரவர் மன உறுதியைப் பொறுத்தது என்பதே இத்தகைய பரப்புரைகளின் சாரம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலியக்கம் இல்லாதோர் உலகில் 81 விழுக்காடு. இந்தியாவில் ஏறத்தாழ 74 விழுக்காடு. உலக சராசரியைவிட இந்தியா மேல் என்று மகிழ்வோர், ஆய்வாளர்கள் ஊகித்துக் கூறிய காரணத்தையும் படிக்க வேண்டும். பையன்களுக்குக் கிரிக்கெட், சிறுமிகளுக்கு வீட்டு வேலை! விடியலில் தாய் அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போய்விட, குடிசைப் பகுதியில் மகள் குடம் சுமக்கிறாள், துணி துவைக்கிறாள், தம்பியை இடுப்பில் தூக்குகிறாள். புள்ளிவிவரத்தில் அது உடலியக்கம். அவளுக்கு அது பறிபோன விளையாட்டு நேரம்.

அவளது குருதியின் நிலையோ இன்னும் மோசம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 விழுக்காடு. படியேறினாலே மூச்சு வாங்கும் பிள்ளையிடம் ஓடு, குதி என்று அறிவுரை சொல்வதற்கு முன் அவள் தட்டைப் பார்க்க வேண்டாமா? கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரம் இருநாள் வழங்கிய முட்டை, 2024 முதல் ஆறு நாளாகியது. வரவேற்க வேண்டியதே. ஆனால் கூடுதல் நாட்களின் செலவை ஏற்றது அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை. அதுவும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில். பிள்ளைகளின் புரதம் ஒரு கோடீசுவரரின் கொடையை நம்பி நிற்கலாகாது. மேலும், அந்த முட்டை பத்தாம் வகுப்பு வரைதான்.

எனவே இளைஞர் அமைப்பின் வார்டு கிளைகள் முதலில் தங்கள் பகுதித் திடல்களைக் கணக்கெடுக்க வேண்டும்: எத்தனை இருந்தன, எத்தனை எஞ்சியுள்ளன, எவற்றுக்குக் கட்டணம் என்று. வகுப்பு முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளித் திடல்களை மாலையில் பகுதிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கோர வேண்டும். அங்கே சிறுமிகளுக்கெனத் தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், விளக்கு வெளிச்சமும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். அரசு பி.யு. கல்லூரி மாணவர்களுக்கும் அரசின் சொந்த நிதியிலேயே மதிய உணவும் முட்டையும் வேண்டும். மனுவைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் அச்சிட்டு, வீடு வீடாகத் தாய்மார்களிடம் முதற் கையெழுத்தைப் பெறுவோம்.