விலை போடுகிறவன் யார்?



விளைச்சல் வீடு வந்து சேர்ந்தும் குடியானவன் கடன்காரனாகவே இருப்பானேன் என்று கேட்டால், "தலையெழுத்து" என்கிறார்கள். எழுதினவன் யாரென்றால் வானத்தைக் காட்டுகிறார்கள். ஒரு தேசத்தின் சங்கதியைச் சொல்லுகிறேன். எழுதினவன் வானத்திலிருக்கிறானா, பூமியிலிருக்கிறானா என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவிலுள்ள கானாவுக்கு வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கோல்டு கோஸ்ட் என்று பெயர். சாக்லேட்டுக்கு வேண்டிய கோக்கோவை அங்கே விளைவிக்கிறவர்கள் லட்சக்கணக்கான சிறு குடியானவர்கள். 1937-ல் அதை வாங்கிவந்த ஐரோப்பியக் கம்பெனிகளில் பெரியவையெல்லாம் கூடி, தங்களுக்குள் போட்டியிட்டு விலையை ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தம் செய்து கொண்டன. விற்கிறவன் லட்சம் பேர். வாங்குகிறவன் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குள்ளும் ஒரே பேச்சு என்றால், மழை பெய்தென்ன, மகசூல் கண்டென்ன?

ஆனால், அக்குடியானவர்கள் விதியென்று உட்கார்ந்துவிடவில்லை. கோக்கோவை விற்க மறுத்தார்கள். கம்பெனிச் சாமான்களையும் வாங்க மறுத்தார்கள். 1938 ஏப்ரல் வரை உறுதியாய் நின்றார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது. ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது.

அத்தோடு விடிந்ததா? இல்லை. 1947-ல் சர்க்கார் ஒரு கோக்கோ போர்டு வைத்தது. விலை விழுந்தால் தாங்கிப் பிடிப்போம் என்றார்கள். ஆனால், உலகத்தில் விலை ஏறியபோது மிச்சத்தைப் போர்டே வைத்துக் கொண்டது. 1954-ல் அந்நாட்டு மந்திரிகளே, 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று உலக விலைக்கு வெகு கீழாகக் கட்டினார்கள். பணம் நாட்டு அபிவிருத்திக்கு என்றார்கள். அஷாந்திப் பக்கத்துக் குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

நேற்றைய கதையையும் கேளுங்கள். 2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் கோக்கோ டன் 10,000 டாலருக்கு மேல் போயிற்று. அதே மாதத்தில் கானாக் குடியானவனுக்கு உயர்த்திக் கொடுத்த விலையே சுமார் 2,200 டாலர்தான்! ஏனென்றால், சரக்கில் பெரும்பகுதியைப் பழைய விலைக்கு முன்கூட்டியே விற்றுவிட்டார்களாம்.

போர்டே வேண்டாம், வியாபாரிகளிடமே விட்டுவிடலாம் என்பார் சிலர். வியாபாரிகள் கூடிப் பேசினால் என்னவாகும் என்பதைத்தான் 1937-ல் பார்த்தோமே! ஆகவே, கம்பெனியா, சர்க்காரா என்பதல்ல கேள்வி. விலை போடுமிடத்தில் விளைவித்தவனுக்கு நாற்காலி உண்டா? கணக்கைக் காட்டு என்று கேட்க அவனுக்கு அதிகாரம் உண்டா? இவ்விரண்டும் இல்லாதவரை, விலை போடுகிற கை மாறுமே தவிர, வயிறு காய்கிறவன் மாறமாட்டான்.

தோழர்களே! மனிதன் எழுதிய கணக்கை மனிதன் திருத்தலாம். அதற்கு முதலில், அது மனிதன் எழுதியது என்பதை உணர வேண்டும்.